அங்கியைக் கழற்றியவர்கள்

2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு வழக்கறிஞர்களுக்குப் பெரும் நிம்மதியைத் தந்தது. கட்சிக்காரருக்குச் சட்டக் கருத்து வழங்கிய காரணத்துக்காக ஒரு வழக்கறிஞரை விசாரணை அமைப்புகள் அழைப்பாணை அனுப்பி வரவழைக்கலாமா என்ற கேள்வியை நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்துக்கொண்டிருந்தது. மூத்த வழக்கறிஞர்கள் அரவிந்த் தாத்தாருக்கும் பிரதாப் வேணுகோபாலுக்கும் அமலாக்கத் துறை அழைப்பாணை அனுப்பியதும், எதிர்ப்பு எழுந்தபின் அதைத் திரும்பப் பெற்றதும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அன்றைய தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய், நீதிபதிகள் கே.வினோத் சந்திரன், என்.வி.அஞ்சாரியா ஆகியோரின் அமர்வு, சட்டமே வகுத்துள்ள விதிவிலக்குகளுக்குள் வந்தாலன்றி வழக்கறிஞரை அவ்வாறு அழைக்கக் கூடாது என்று வரையறுத்தது. செய்திகளும் விவாதங்களும் பெரும்பாலும் இதைப் பற்றியே அமைந்தன.

அதே தீர்ப்பில், அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதி உண்டு. நிறுவனங்களில் மாதச் சம்பளத்துக்குப் பணிபுரியும் சட்ட அலுவலர்கள், நீதிமன்றத்தில் தொழில் நடத்தும் வழக்கறிஞர்கள் அல்லர்; ஆகவே பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 132ஆம் பிரிவு வழக்கறிஞருக்கு அளிக்கும் இரகசியப் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது என்றது அந்தப் பகுதி. அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் இடைப்பட்ட தொழிற்சாலைகளின் சட்டப் பிரிவுகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய எனக்கு, அன்று மாலை முதல் கைபேசி ஓயவில்லை. அழைத்தவர்கள் அனைவரும் என்னைப் போன்ற சட்ட அலுவலர்கள். ஏறக்குறைய எல்லோருமே ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “இனிமேல் மின்னஞ்சலில் எதையும் எழுத வேண்டாமா சார்?”

அந்தக் கேள்விக்குள் ஒரு தொழிலின் நலமும் வளர்ச்சியும் அடங்கியிருக்கின்றன. அதை விளக்குவதற்கு முன், இவர்கள் யார் என்பதைச் சொல்ல வேண்டும். திரைப்படங்களில் வரும் வக்கீல் இவர்கள் இல்லை. உறவினர் வீட்டுத் திருமணங்களில் ‘எந்தக் கோர்ட்டில் இருக்கிறீர்கள்’ என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் விழிப்பவர்கள்.

சென்னையின் மேற்கு எல்லை தொழிலால் உருவான நிலம். 1949இல் தொடங்கப்பட்ட டிஐ சைக்கிள் நிறுவனம் அம்பத்தூருக்கு வந்தது. 1960களில் பாடியில் லூகாஸ் டிவிஎஸ், சுந்தரம் கிளேட்டன் போன்ற நிறுவனங்கள் எழுந்தன. அதே பத்தாண்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. 1955இல் சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தைக் காங்கிரஸ் மாநாடு நிறைவேற்றிய ஆவடியில், சில ஆண்டுகளிலேயே கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. இன்று அதே வட்டாரத்தில் மென்பொருள் அலுவலகங்கள் இருக்கின்றன. பூந்தமல்லி, திருமழிசை சாலைகளில் கிடங்குகள் வரிசையாக நிற்கின்றன. பட்டாபிராமில் 2024 நவம்பரில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. லேத் பட்டறையும் தரவு அலுவலகமும் ஒரே பேருந்து நிறுத்தத்தைப் பகிர்ந்துகொள்ளும் இடம் இது.

இங்கு சட்ட அலுவலர் என்பவர் பெரும்பாலும் தனி ஆள். மும்பையிலோ பெங்களூருவிலோ தலைமையகம் கொண்ட நிறுவனங்களில் முப்பது பேர் கொண்ட சட்டத் துறை இருக்கலாம். அம்பத்தூரின் நடுத்தர நிறுவனத்தில் ‘லீகல்’ என்றால் ஒரு மேசை, ஒரு இரும்பு அலமாரி, ஒரு மனிதர். பல இடங்களில் அவரே மனிதவள அதிகாரியும்கூட. காலையில் காசோலை மோசடி வழக்குக்காக மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வெளி வழக்கறிஞருக்குக் கோப்பு கொடுப்பார். திரும்பி வந்தால் வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தின் நோட்டீஸ், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணைப் புதுப்பிப்பு, ஒப்பந்தத் தொழிலாளர் உரிமம். பிற்பகலில் ஜெர்மனியிலோ ஜப்பானிலோ உள்ள வாகன நிறுவனம் அனுப்பிய அறுபது பக்க ஒப்பந்தம் வரும். ஒரு ரூபாய் இலாபத்துக்குச் செய்யும் உதிரிபாகத்தில் குறை நேர்ந்தால் உலகெங்கும் ஓடும் வாகனங்களைத் திரும்பப் பெறும் செலவை ஏற்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை அவர் கண்டுபிடிக்க வேண்டும். விற்பனைப் பிரிவு மறுநாள் கையெழுத்து கேட்கும்.

இவற்றோடு சட்டங்களே உருமாறிக்கொண்டிருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் மூன்று குற்றவியல் சட்டங்களும் மாறின. 29 தொழிலாளர் சட்டங்களை உள்ளடக்கிய நான்கு சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. அதே மாதத்தில் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் அறிவிக்கப்பட்டன. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கறிஞர் தமக்குரிய துறையில் வரும் மாற்றத்தைப் படித்தால் போதும். தொழிற்சாலைச் சட்ட அலுவலர் எல்லாவற்றையும் படிக்க வேண்டும். அதுவும் ‘இது நமக்குப் பொருந்துமா, ஆம் இல்லை என்று ஒரே வரியில் சொல்லுங்கள்’ என்று கேட்பவருக்காகப் படிக்க வேண்டும்.

ஆவடியைப் பாருங்கள். 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்கள் உருவாயின. அவற்றுள் ஆர்மர்ட் வெஹிகிள்ஸ் நிகாம் லிமிடெட் ஆவடியையே தலைமையிடமாகக் கொண்டது; கனரக வாகனத் தொழிற்சாலையும் எஞ்சின் தொழிற்சாலையும் அதன்கீழ் வந்தன. அதுவரை அரசுத் துறையாக இருந்த அமைப்பு ஒரே இரவில் நிறுவனச் சட்டத்துக்கு உட்பட்ட கம்பெனி ஆனது. இயக்குநர் குழு, ஒப்பந்தப் பொறுப்பு, அயற்பணியில் இருப்பதாகக் கருதப்படும் ஊழியர்கள் என்று சட்டக் கேள்விகள் முளைத்தன. இப்படியான மாற்றம் ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவர் இரவு நெடுநேரம் விளக்கைப் போட்டுக்கொண்டு கோப்பு எழுதியிருப்பார். அவர் பெயர் எந்தச் செய்தியிலும் வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால், அவருடைய தொழில் அடையாளம் என்ன என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டாமா?

சட்டம் சொல்வது எதிர்மறையாகத்தான். இந்திய பார் கவுன்சில் விதிகளில் 49ஆம் விதி, தொழில் நடத்தும் வழக்கறிஞர் எவரும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது என்கிறது. அத்தகைய வேலையில் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டு, வேலையில் இருக்கும் காலம் முழுவதும் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். இமாச்சலப் பிரதேச மின்வாரியத்தின் சட்டப் பிரிவில் பணியாற்றிய சதீஷ் குமார் சர்மா, வாரியத்துக்காகவே வழக்காடுவதால் தம்மை வழக்கறிஞராகக் கருத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம்வரை போனார். 2001இல் அவருடைய மேல்முறையீடு தள்ளுபடியானது. சம்பளம் வாங்குபவர் முதலாளியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். வழக்கறிஞருக்கு வேண்டிய சுதந்திரம் அவருக்கு இருக்காது என்பதுதான் இந்த விதியின் அடிப்படை.

இதன் விளைவுகளைச் சட்டக் கல்லூரியில் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. மாவட்ட நீதிபதியாக வழக்கறிஞர்களிலிருந்து நேரடியாகத் தேர்வுபெற அரசமைப்பின் 233ஆம் கூறு ஏழாண்டு வழக்கறிஞர் அனுபவம் கேட்கிறது. சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டுத் தொழில் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று மீண்டும் கட்டாயமாக்கியது. தொழிலை நிறுத்திவைத்துவிட்டு நிறுவனத்தில் செலவிட்ட ஆண்டுகள் இந்தக் கணக்குகளில் வழக்கறிஞர் அனுபவமாக நிற்பதில்லை. திருவள்ளூர் அருகே பட்டரைபெரும்புதூரில் 2018 முதல் இயங்கும் அரசு சட்டக் கல்லூரியிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் இளைஞர்கள் வெளியே வருகிறார்கள். அவர்களில் பலருக்குக் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும் முதல் நிரந்தர வருமானம் இந்தத் தொழிற்சாலை வேலைதான். உயர் நீதிமன்றத்தில் மூத்தவரிடம் இளையவராகச் சேர்ந்தால் கிடைக்கும் தொகையில் ஆவடியிலிருந்து கடற்கரை ரயில் நிலையத்துக்கு சீசன் டிக்கெட்டும் மதியச் சாப்பாடும் போக மிச்சம் என்ன இருக்கும் என்பது அந்த வீடுகளுக்குத் தெரியும். எனவே அங்கியைக் கழற்றுகிறார்கள். எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்பது தெரிந்து அதைச் செய்பவர்கள் குறைவு.

விசித்திரமாக, கதவு முழுமையாக அடைக்கப்படவும் இல்லை. தொழிலாளர் தீர்ப்பாயங்களில் எதிர்த்தரப்பின் சம்மதமும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் இன்றி வழக்கறிஞர் ஆஜராக முடியாது என்பது தொழில் தகராறுச் சட்டத்தின் ஏற்பாடாக இருந்தது. ஆனால் பாரதீப் துறைமுகப் பொறுப்புக் கழக வழக்கில் 1976இல் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவுபடுத்தியது. நிறுவனத்தின் சம்பளத்தில், அதன் கட்டுப்பாட்டில், தொழில் நடத்தாமல் இருக்கும் ஓர் அலுவலர் சட்டப் பட்டம் பெற்றவர் என்பதாலேயே நிறுவனத்தின் சார்பில் ஆஜராவதற்குத் தடை இல்லை என்றது. அதாவது, எந்தத் தகுதியின்மை மற்ற நீதிமன்றங்களில் அவரை வெளியே நிறுத்துகிறதோ, அதுவே தொழிலாளர் தீர்ப்பாயத்தில் அவரை உள்ளே விடுகிறது. எங்கள் வட்டாரத்தில் பல சட்ட அலுவலர்கள் வாதத்தின் சுவையை மறக்காமல் இருப்பதற்கு இந்த ஒரு தீர்ப்பே காரணம்.

இனி, இரகசியப் பாதுகாப்புக்கு வருவோம். பழைய சாட்சியச் சட்டத்தின் கீழ், சம்பளம் பெறும் சட்ட ஆலோசகருடன் நிறுவனம் நடத்திய உரையாடலுக்கும் பாதுகாப்பு உண்டு என்று விஜய் மெட்டல் வொர்க்ஸ் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 1980களின் தொடக்கத்தில் கூறியிருந்தது. அந்த நம்பிக்கையில்தான் பல ஆண்டுகள் குறிப்புகள் எழுதப்பட்டன. 2025 தீர்ப்பு அந்த நம்பிக்கையை முடித்துவைத்தது. நிறுவனம் தன் வெளி வழக்கறிஞருக்கு அனுப்பும் இரகசியச் செய்திகளுக்கு 134ஆம் பிரிவின் பாதுகாப்பு உண்டு. அதைச் சட்ட அலுவலர் எழுதி அனுப்பினாலும் உண்டு. முதலாளிக்கும் சட்ட அலுவலருக்கும் இடையே நடப்பதற்கு மட்டும் கிடையாது. வெளிநாடுகளிலும் இதில் ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1981இல் அப்ஜான் வழக்கில் நிறுவனத்தின் உள் விசாரணைத் தகவல்களுக்குப் பாதுகாப்பு அளித்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் அக்ஸோ நோபல் வழக்கில், போட்டிச் சட்ட விசாரணைகளைப் பொறுத்தவரை, நிறுவன வழக்கறிஞருக்கு அதை மறுத்தது. நம் நீதிமன்றம் பின்னதன் பக்கம் சாய்ந்திருக்கிறது. சட்டத்தின் வாசகத்தை வைத்துப் பார்த்தால் அந்த முடிவைக் குறைகூற எனக்குக் காரணம் இல்லை. ‘வழக்கறிஞர்’ என்ற சொல்லுக்கு 49ஆம் விதி ஒரு பொருளும் சாட்சியச் சட்டம் வேறொரு பொருளும் தர முடியாது.

என் கவலை தீர்ப்பைப் பற்றியதன்று. அதை நிறுவனங்கள் எப்படிப் புரிந்துகொள்ளும் என்பதைப் பற்றியது. ‘எழுதாதீர்கள், நேரில் சொல்லுங்கள்’ என்பது இந்தத் தீர்ப்புக்கு முன்பே எங்கள் தொழிலில் பழகிய வாசகம். இனி அது கொள்கையாகவே ஆகக்கூடும்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு தொழிற்சாலையில் பவர் பிரஸ் எந்திரங்களின் பாதுகாப்புத் தடுப்புகள் கழற்றப்பட்டிருந்தன. தடுப்பு இருந்தால் மணிக்கு உற்பத்தியாகும் எண்ணிக்கை குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். தொழிற்சாலைச் சட்டத்தின்படி இதற்குப் பொறுப்பு யாருடையது, விபத்து நேர்ந்தால் எந்த இயக்குநர் குற்றவாளிக் கூண்டில் நிற்பார் என்று இரண்டு பக்கக் குறிப்பு எழுதினேன். குறிப்பைத் திரும்பப் பெறுமாறு கேட்டார்கள். காரணம் மரியாதையாகவே சொல்லப்பட்டது: “நீங்கள் சொல்வது சரிதான் சார். ஆனால், தாளில் இருந்தால் நாளைக்கு நமக்கே எதிராகத் திரும்பும்.” நான் திரும்பப் பெறவில்லை. தடுப்புகள் சில வாரங்களில் பொருத்தப்பட்டன. அந்த ஆண்டு என் ஊதிய உயர்வு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நிரூபிக்க என்னிடம் ஆவணம் இல்லை; சட்டம் படித்தவன் என்ற முறையில் அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த வட்டாரத்தில் பிரஸ் எந்திரத்தில் விரல் இழந்தவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. சட்ட அலுவலர் எழுத முடியாத இடத்தில் முதலில் பாதிக்கப்படுவது அவர் மனநலம். அடுத்தது எந்திரத்தின் முன் நிற்பவரின் கை. நல்வாழ்வு என்ற சொல்லை நான் இந்த வரிசையில்தான் புரிந்துகொள்கிறேன்.

சட்டத் தொழிலின் மனநலம் பற்றிய ஆய்வுகள் புதியவை அல்ல. அமெரிக்காவில் 12,825 வழக்கறிஞர்களிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வு, அவர்களில் 28 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளையும், 20 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரிடம் கவலைக்குரிய குடிப்பழக்கத்தையும் கண்டது. சர்வதேச வழக்கறிஞர் சங்கம் 2021இல் வெளியிட்ட உலகளாவிய ஆய்வில், உலக சுகாதார நிறுவனத்தின் நல்வாழ்வு அளவுகோலில் சட்டத் துறையினரின் சராசரி 51ஆக இருந்தது. 52க்குக் கீழே போனாலே கவனம் தேவை என்பது அந்த அளவுகோலின் கணக்கு. வேலையளிப்பவரிடம் மனநலம் பற்றிப் பேசினால் பிழைப்புக்கு ஆபத்து வரும் என்று அஞ்சியவர்கள் ஐந்தில் இரண்டு பேர். அந்த ஐந்தில் இருவரை அம்பத்தூரில் எனக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

நீதிமன்ற வழக்கறிஞருக்கும் நெருக்கடி உண்டு; ஆனால் தோற்றாலும் ஜெயித்தாலும் அவர் வழக்கு ஒரு நாள் முடிகிறது. தேநீர்க் கடையில் அவர் தோல்வியைச் சக வழக்கறிஞரிடம் புலம்பித் தீர்க்கலாம். சட்ட அலுவலரின் வெற்றி கண்ணுக்குத் தெரியாதது. நடக்காமல் போன வழக்கு, வராமல் போன நோட்டீஸ், நேராமல் போன விபத்து. இவற்றுக்கு ஆண்டு மதிப்பீட்டில் கட்டம் கிடையாது. வேண்டாம் என்று சொல்லும்போது ‘முட்டுக்கட்டை’ என்ற பெயர் கிடைக்கும். வேண்டாம் என்று சொல்லாமல் விட்டது பின்னர் வெடித்தால், ‘அப்போதே ஏன் சொல்லவில்லை’ என்ற கேள்வி வரும். நெருக்கடியைப் பகிர்ந்துகொள்ளத் தொழில்தோழர் யாரும் அந்த வளாகத்தில் இல்லை. வெளியே சொல்ல இரகசியக் காப்பு ஒப்பந்தம் விடாது. வீட்டில் சொன்னால் புரியாது, புரிந்தால் பயப்படுவார்கள்.

இதற்கு நிறுவனங்கள் தரும் மருந்து பெரும்பாலும் யோகா வகுப்பு. நான் யோகாவுக்கு எதிரி அல்லன். ஆனால் காலை ஆறரை மணிக்கு மூச்சுப் பயிற்சி செய்துவிட்டு ஒன்பது மணிக்கு, ‘இந்தத் தேதியை முன்தேதியிட்டுக் கொடுங்கள்’ என்று கேட்கப்படும் மனிதருக்கு அந்த மூச்சு எத்தனை நேரம் தாங்கும்? உளவியல் ஆலோசனை தேவைப்படுபவர் அதை நாடத் தயங்கக் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 காப்பீட்டில் மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமான இடம் தர வேண்டும் என்கிறது. மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் தமிழிலும் கிடைக்கிறது. தம் நிறுவனத்தின் காப்பீட்டு ஒப்பந்தத்தைத் தாமே திருத்தி எழுதிய சட்ட அலுவலர்கள்கூட இந்தப் பிரிவைத் தமக்காகப் பயன்படுத்துவதில்லை. எனினும், சோர்வின் காரணம் வேலையின் அமைப்பிலேயே இருக்கும்போது, அமைப்பை மாற்றாத சிகிச்சைக்கு எல்லை உண்டு.

அமைப்பில் எது மாற வேண்டும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்து அறையில் அமர்ந்திருக்கும் கம்பெனிச் செயலரைப் பார்த்தால் போதும். நிறுவனச் சட்டம், 2013இன் 203ஆம் பிரிவு அவரை முதன்மை நிர்வாகப் பணியாளர்களில் ஒருவராக வைக்கிறது. அவர் நியமனம் இயக்குநர் குழுவின் தீர்மானத்தால் நடக்க வேண்டும். அவருக்கென்று ஒரு கல்விக்கழகம் உண்டு; தொடர்கல்வியைக் கட்டாயமாக்கும் விதியும் உண்டு. எனவே நிறுவனம் அவரைப் பயிற்சிக்கு அனுப்பியே ஆக வேண்டும். சட்டத் துறைத் தலைவருக்கோ இவற்றில் ஒன்றும் இல்லை. மேலாண்மை இயக்குநருக்குப் பிடிக்காவிட்டால் மூன்று மாத நோட்டீஸ். அமெரிக்காவில் என்ரான் சரிவுக்குப் பின் வந்த சார்பேன்ஸ் – ஆக்ஸ்லி சட்டத்தின் 307ஆம் பிரிவு, பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் கடுமையான விதிமீறலின் சான்றைக் காணும் வழக்கறிஞர் அதை முதலில் நிர்வாகத்துக்கும், பலன் இல்லையெனில் இயக்குநர் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று வகை செய்தது. கடமையாக எழுதப்பட்டது நடைமுறையில் கவசமாகவும் ஆகிறது: ‘நானாகச் சொல்லவில்லை, சட்டம் சொல்லச் சொல்கிறது’ என்று ஒருவர் கூற முடிகிறது. அப்படிப்பட்ட ஒரு வாக்கியம் நம் சட்ட அலுவலர்களிடம் இல்லை.

2025 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழக்கறிஞர் சட்டத் திருத்த வரைவில், சட்டத் தொழிலர் என்பதன் வரையறைக்குள் நிறுவனங்களில் சட்டப் பணி செய்பவர்களையும் கொண்டுவரும் முயற்சி இருந்தது. வேறு பல பிரிவுகளுக்கு எதிராக வழக்கறிஞர்கள் போராடியதால் வரைவு மறுபரிசீலனைக்குப் போனது. அந்தப் போராட்டத்தின் காரணங்களில் நியாயம் இருந்தது. ஆனால், குளித்த நீரோடு குழந்தையும் போய்விட்டது. மீண்டும் வரைவு வரும்போது, நீதிமன்றத்தில் வாதாடும் உரிமை வேண்டும் என்று கேட்பதைவிட, தனிப் பதிவேடும் அதற்குரிய ஒழுக்க விதிகளும் வரம்புக்குட்பட்ட இரகசியப் பாதுகாப்பும் கேட்பது பொருத்தம் என்பது என் கருத்து. வாதாடும் உரிமை கேட்டால், ஏற்கெனவே வருமானம் குறைந்த இளம் வழக்கறிஞர்களின் வயிற்றில் அடிப்பதாகவே அது பார்க்கப்படும். ஒழுக்க விதி கேட்பவரை அப்படிப் பார்ப்பது கடினம்.

தொழில் வளர்ச்சி என்றதும் சான்றிதழ் வகுப்புகள் நினைவுக்கு வருகின்றன. எங்கள் வட்டாரத்தின் சிக்கல் வேறு. சட்டச் சொற்பொழிவுகளும் பயிலரங்குகளும் பாரிமுனையிலோ நுங்கம்பாக்கத்திலோ மாலை ஐந்தரைக்குத் தொடங்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஐந்தரைக்கு இரண்டாம் ஷிப்ட் நடந்துகொண்டிருக்கும். இணையவழி வகுப்புகள் பெருகியது நல்லதுதான். ஆனால் திரையில் சந்தேகம் கேட்கலாம், சஞ்சலத்தைச் சொல்ல முடியாது.

கற்க வேண்டியவற்றுள் இரண்டைச் சொல்வேன். ஒன்று, சமரசக் கலை. உயர் நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையத்தை 2005இலேயே தொடங்கிய ஊர் சென்னை. சமரசச் சட்டம், 2023 வந்தபின் இத்துறை விரிகிறது. சமரசராகச் செயல்பட வழக்கறிஞராகத் தொழில் நடத்திக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அச்சட்டத்தில் இல்லை. சிறு தொழில்முனைவோருக்குப் பெரிய நிறுவனங்கள் பாக்கி வைக்கும் தொகைக்காக வசதியாக்கல் மன்றங்களுக்குப் போகும் வழக்குகள் அம்பத்தூரில் ஏராளம். இரு தரப்பின் பிடிவாதத்தையும் உள்ளிருந்து பார்த்த சட்ட அலுவலரைவிட நல்ல சமரசர் எங்கே கிடைப்பார்?

மற்றொன்று, தமிழ். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் ஒப்பந்தங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆனால் தொழிலாளி மீதான உள்விசாரணை தமிழில் நடக்கிறது. நிலையாணைகளைப் பெரும்பாலான தொழிலாளர்கள் அறிந்த மொழியிலும் ஒட்ட வேண்டும் என்று 1946ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் எழுதப்பட்ட குற்றச்சாட்டு ஆணைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். எந்தக் குற்றத்துக்கு விளக்கம் கேட்கிறார்கள் என்று தொழிலாளிக்கு மட்டுமன்று, எழுதியவருக்கும் புரியாது. தொழிலாளர் நீதிமன்றத்தில் அத்தகைய விசாரணைகள் செல்லாமல் போவதும், அதற்குள் ஒரு குடும்பம் பல ஆண்டுகள் ஊதியமின்றிக் கிடப்பதும் சாதாரணம். தெளிந்த தமிழில் ஒரு பக்கம் எழுதத் தெரிந்த சட்ட அலுவலர் இரு தரப்புக்கும் செய்யும் நன்மையை எந்தச் சான்றிதழும் அளந்துவிட முடியாது.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்கள் என்னிடம் ஆலோசனை கேட்கிறார்கள். வராதே என்று நான் சொல்வதில்லை. நேர்காணலில் சம்பளத்தைப் பற்றிக் கேட்ட பிறகு இன்னும் சிலவற்றைக் கேட்கச் சொல்கிறேன். நான் யாருக்குக் கீழ் வேலை செய்வேன், நிதி அலுவலருக்கா, மனிதவளத்துக்கா, மேலாண்மை இயக்குநருக்கா? என் சட்டக் கருத்துக்கு மாறாக முடிவெடுத்தால் அது எங்கே பதிவாகும்? வெளி வழக்கறிஞரை நேரடியாகக் கலந்தாலோசிக்க எனக்கு அதிகாரம் உண்டா? (2025 தீர்ப்புக்குப் பின் இது மிக முக்கியமான கேள்வி, இல்லையெனில் இரகசியத்தைக் காக்க வழியே இல்லை.) ஆண்டுக்கு எத்தனை நாள் படிப்புக்காக விடுவீர்கள்? மூன்றாண்டுத் தொழில் அனுபவத்தை முதலில் முடித்துவிட்டு வந்தால் இதே இடம் கிடைக்குமா? இவற்றுக்கு எரிச்சலின்றிப் பதில் சொல்லும் நிறுவனங்கள் இருக்கின்றன. எண்ணிக்கையில் குறைவு என்றாலும் இருக்கின்றன.

ஓராண்டாக நாங்கள் பத்துப் பதினைந்து பேர், மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலை எஸ்டேட் அருகே ஓர் உணவகத்தின் மாடியில் கூடுகிறோம். நிறுவனத்தின் பெயரையோ கோப்பின் விவரத்தையோ யாரும் சொல்வதில்லை என்பது ஒன்றே விதி. முதல் ஒரு மணி நேரம் ஏதாவது ஒரு சட்டம். அதற்குப் பின் காபி. காபி நேரம்தான் நீள்கிறது. சென்ற கூட்டத்துக்கு வந்த ஓர் இளம்பெண், ஆவடிப் பக்கம் ஒரு கிடங்கு நிறுவனத்தின் ஒரே சட்ட அலுவலர், வேலையில் சேர்ந்த எட்டு மாதத்தில் வேறொரு சட்டம் படித்தவரிடம் அன்றுதான் முதன்முதலாகப் பேசுவதாகச் சொன்னார். அடுத்த கூட்டத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின் நிலையாணை அத்தியாயத்தைப் படிப்பதாக இருக்கிறோம். அதைத் தமிழில் விளக்கும் பொறுப்பை அவர் ஏற்றிருக்கிறார்.